பிரார்த்தனை அறையின் கதவு: இந்தியக் கிறித்தவப் பள்ளிகளில் வழிபாடும் மாணவர் மனச்சான்றும்

2024 ஏப்ரல் மாதத்தில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கென வழிகாட்டுநெறிகள் அடங்கிய ஓர் ஆவணத்தை வெளியிட்டது. காலைக்கூட்டத்தில் மாணவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையை வாசிக்க வேண்டும். விடுதலைப் போராட்ட வீரர், அறிவியலாளர், கவிஞர், தேசியத் தலைவர் ஆகியோரின் படங்களைப் பள்ளியில் வைக்க வேண்டும். பிற சமய மாணவர்மீது கிறித்தவ மரபுகளைத் திணிக்கலாகாது. எல்லாச் சமயத்தினர்க்கும் பொதுவான ‘சர்வ தர்ம பிரார்த்தனாலயம்’ ஒன்றை வளாகத்தினுள் தனியறையாக அமைக்க வேண்டும் என்பன அதன் கூறுகளுள் சில. இதற்கு இரு மாதம் முன்னர்தான் அசாமில் ஓர் அமைப்பு, கிறித்தவப் பள்ளிகளிலுள்ள சிலுவைகளையும் திருவுருவங்களையும் அகற்றுமாறு கெடு விதித்திருந்தது.

இவ்வறிவுரையை இருவகையாக வாசித்தார்கள். அச்சத்தினால் எடுத்த பின்வாங்கல் என்றனர் சிலர். காலம் கடந்தேனும் வந்த நேர்மை என்றனர் வேறு சிலர். இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். பள்ளிக்குள் கிறித்தவப் பிரார்த்தனைக்கு எத்தகைய இடம் இருக்கலாம் என்பது இந்தியாவில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம். அவ்விவாதம் சிலுவையைப் பற்றியோ அறையைப் பற்றியோ நடந்ததைவிட, அந்த அறையின் கதவைப் பற்றியே மிகுதியும் நடந்தது. உள்ளே வருமாறு பிள்ளையை அழைப்பவர் யார், வர மறுக்கும் பிள்ளைக்கு என்ன நேரும், தானாக வர விரும்பும் பிள்ளையைத் தடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் மூன்று வினாக்களும் அன்று முதல் இன்றுவரை தொடர்கின்றன. அவ்வரலாற்றின் சில கட்டங்களை மட்டும் இங்கே தொகுத்துரைக்க விழைகிறேன்.

கல்கத்தா, 1830

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மறைப்பணியாளர் அலெக்சாண்டர் டஃப், 1830 ஜூலை 13 அன்று கல்கத்தாவின் சித்பூர் சாலையில் ஒரு வாடகை வீட்டில் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அந்த வீட்டைப் பெற்றுத் தந்தவரும் முதல் மாணவர்களைத் தம் நண்பர் குடும்பங்களிலிருந்து அனுப்பிவைத்தவரும் ராஜா ராம்மோகன் ராய். தொடக்க நாளில் அவரும் உடனிருந்தார். டஃப் முதலில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை வங்காளத்தில் சொன்னார். பின்னர் விவிலியப் பிரதிகளை மாணவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது. தாங்கள் கிறித்தவர் அல்லர் என்றும், அந்நூலை வாசிப்பது தங்களைக் கிறித்தவராக்கிவிடும் என்றும் அவர்கள் அஞ்சினர்.

ராம்மோகன் ராய் சொன்ன விடை புகழ்பெற்றது. தாம் விவிலியம் முழுவதையும் படித்தும் கிறித்தவராகவில்லை. குர்ஆனைத் திரும்பத் திரும்பப் படித்தும் இசுலாமியராகவில்லை. ஆகவே படித்துப் பார்த்து நீங்களே தீர்ப்புச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். மாணவர்கள் அமைதியடைந்தனர். ஆனால் அவர் பேசியது நூல் வாசிப்பைக் குறித்தே. நாளின் முதற்செயலாகப் பிரார்த்தனையைச் சொல்லும்போது அதைச் சூழ்ந்து நிற்கும் பிள்ளை வாசகனா, வழிபடுவோனா என்னும் வினாவை அன்று எவரும் எழுப்பவில்லை. வாசிப்பவன் ஐயுறலாம், வாதிடலாம். தலைகுனிந்து நிற்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிற்காலச் சட்டங்கள் சமயப் போதனை, சமய வழிபாடு என இரண்டையும் தனித்தனியே பெயர் சுட்டிக் குறிப்பிட்டதன் காரணம் இவ்வேறுபாட்டில்தான் உள்ளது.

டஃப் தொடங்கிய முறை விரைவில் பிற நகரங்களுக்கும் பரவியது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றை நாடி உயர்குடிப் பிள்ளைகள் வந்தனர்; அவற்றோடு வேதபாடமும் ஜெபமும் பிரிக்கவியலாதபடி இணைந்திருந்தன. மறைப்பணியாளர் இதை மறைக்கவில்லை. தம் பள்ளியின் நோக்கம் நற்செய்தியே என்று வெளிப்படையாகவே அறிவித்தனர். பெற்றோரும் அறிந்தே அனுப்பினர். வேறு நல்ல ஆங்கிலப் பள்ளி அருகில் இல்லாத ஊரில் அந்த ‘அறிந்து அனுப்புதல்’ எந்த அளவுக்கு விருப்பம், எந்த அளவுக்கு நிர்ப்பந்தம் என்பதை அளந்து சொல்ல இயலாது.

காலியான வகுப்பறைகள்

1839-இல் பம்பாயில் ஜான் வில்சன் பள்ளியைச் சேர்ந்த பார்சி இளைஞர்களான தன்ஜிபாய் நவ்ரோஜியும் ஹோர்மஸ்ஜி பெஸ்தன்ஜியும் திருமுழுக்குப் பெற்றனர். நகரமே கொந்தளித்தது. தன்ஜிபாயை ஆட்கொணருமாறு வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர் தாம் விரும்பிய இடத்திற்குச் செல்லலாம் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி வில்சன் வென்றார். ஆனால் பார்சி மாணவர்கள் பள்ளியைவிட்டு நீங்கினர். 1841-இல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் பள்ளியிலும் திருமுழுக்குகளைத் தொடர்ந்து வகுப்பறைகள் வெறிச்சோடின.

கல்கத்தாவில் 1845-இல் டஃப் பள்ளி மாணவர் உமேஷ் சந்திர சர்க்கார் தம் இளம் மனைவியுடன் கிறித்தவம் தழுவினார். குடும்பத்தார் நீதிமன்றத்தை அணுகியும் பயன் கிட்டவில்லை. இச்செய்தி கேட்டுத் தேவேந்திரநாத் தாகூர் சினமுற்றதைத் தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். அவர் வீடு வீடாகச் சென்று பெரியோரைச் சந்தித்தார். பிரம்ம சமாஜத்தாரும் அவர்களுக்கு நேரெதிரான வைதிகரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்தனர். நிதி திரண்டது. கட்டணமின்றிப் பயிலும் ‘இந்து ஹிதார்த்தி வித்யாலயம்’ தோன்றியது. பூதேவ் முகோபாத்யாய் அதன் தலைமையாசிரியராக அமர்ந்தார்.

இந்நிகழ்ச்சிகளில் ஒரு பொதுக்கூறு உண்டு. நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி, அந்த இளைஞர் தாமே முடிவெடுக்கும் பக்குவம் பெற்றவரா என்பது. குடும்பத்தின் கேள்வியோ வேறு: எங்கள் பிள்ளையை எங்களிடம் கேளாமல் ஏன் அழைத்தீர்கள் என்பது. ஒன்று பிள்ளையின் மனச்சான்றைப் பற்றியது. மற்றொன்று பெற்றோரின் உரிமையைப் பற்றியது. பின்வந்த சட்டமியற்றுவோர் இவ்விரண்டையும் ஒன்றெனவே கொண்டனர். அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

பள்ளி நேரத்திற்கு வெளியே

1854 ஜூலை 19-ஆம் நாளிட்ட சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கையை உதவி மானிய முறையின் தோற்றுவாயாகவே நாம் பொதுவாக நினைவுகூர்கிறோம். அதில் சமயம் குறித்த பத்தி ஒன்று உண்டு. அரசுக் கல்விக்கூடங்களின் கல்வி முற்றிலும் சமயச் சார்பற்றதாக இருக்கவேண்டும். விவிலியம் நூலகத்தில் இருக்கும். மாணவர் விரும்பினால் எடுத்துப் பார்க்கலாம். கிறித்தவ சமயம் பற்றி ஒரு மாணவர் தாமாக விரும்பி ஆசிரியரிடம் விளக்கம் கேட்பாராயின் அதற்குத் தடையில்லை. ஆனால் அவ்விளக்கம் பள்ளி நேரத்திற்கு வெளியே நிகழவேண்டும்.

ஏகாதிபத்திய ஆட்சியின் ஆவணம் ஒன்றில் இத்தகைய நுட்பம் இருப்பது வியப்பிற்குரியது. நூலகத்தில் ஒரு நூல், மாணவரின் சொந்த விருப்பம், பாட நேரத்திற்குப் புறம்பான வேளை என்னும் மூன்றும் சேர்ந்து ஒரு சிந்தனை வெளியை உருவாக்குகின்றன. வருகைப் பதிவேடும் தண்டனையும் அங்கே நுழைவதில்லை. கேட்பவனே தொடங்கவேண்டும்.

ஆனால் இந்நெறி அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியதாயிற்று. மானியம் பெறும் மறைப்பணிப் பள்ளிகளில் என்ன சமயம் கற்பிக்கிறார்கள் என்பதை ஆய்வாளர் கேட்கவேண்டியதில்லை என்றும் அதே அறிக்கை கூறியது. பொதுப்பாடங்கள் செம்மையாக நடந்தால் போதும், மானியம் கிடைக்கும். இதனால் இருவேறு பள்ளிகள் அருகருகே வளர்ந்தன. ஒன்றில் மாணவர் கேட்டாலன்றி ஆசிரியர் சமயம் பேசலாகாது. மற்றொன்றில் மாணவர் கேளாமலே நாள்தோறும் ஜெபம் நடக்கும். இரண்டிற்கும் பணம் மக்களின் வரியிலிருந்தே சென்றது.

1870-இல் இங்கிலாந்து தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றியது. அதன் ஏழாம் பிரிவு மானியம் பெறும் பள்ளிகளை நோக்கித் தெளிவாகச் சொன்னது: சமய வழிபாடும் போதனையும் பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நிகழலாம், கால அட்டவணையை எல்லாரும் காணுமாறு வைக்கவேண்டும், பெற்றோர் விரும்பினால் பிள்ளையை அவ்வேளையில் விலக்கிக்கொள்ளலாம், அதனால் பிற பயன்கள் எதையும் அப்பிள்ளை இழக்கலாகாது. மனச்சான்று விதி என்று இதனைக் குறிப்பிடுவர். ஒரே கிறித்தவ சமயத்தின் வெவ்வேறு பிரிவுகளைச் சார்ந்த ஆங்கிலேயக் குழந்தைகளுக்கு இந்தப் பாதுகாப்பு தேவையெனக் கருதிய அரசு, முற்றிலும் வேறு சமயங்களைச் சார்ந்த இந்தியக் குழந்தைகளுக்கு அதைப் பொதுவிதியாக்கவில்லை. 1882-இல் அமைந்த ஹண்டர் ஆணையத்தில் இது விவாதிக்கப்பட்டது. எனினும் நாடு முழுமைக்குமான விதியாக அது உருப்பெறவில்லை.

ரமாபாயின் அறை

ஹண்டர் ஆணையத்தின்முன் சாட்சியம் அளித்தவர்களுள் பண்டித ரமாபாயும் ஒருவர். சமஸ்கிருதப் புலமையால் கல்கத்தா அறிஞரிடம் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களைப் பெற்றவர். மறு ஆண்டு இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, இளம் விதவையருக்கான பள்ளி ஒன்றிற்கு அங்கே நிதி திரட்டினார். 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் ‘சாரதா சதன்’ திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புனேவிற்கு மாறியது. சமயப் போதனை இராது என்பதே அதன் உறுதிமொழி. எம்.ஜி. ரானடே, ஆர்.ஜி. பண்டார்கர் போன்ற சீர்திருத்த இந்துக்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். மாணவியர் தத்தம் சாதி ஆசாரங்களையும் பூசைகளையும் தொடர்ந்து கடைப்பிடிக்கலாம்.

ரமாபாய் தம் மகள் மனோரமாவுடன் நாள்தோறும் தம் அறையில் ஜெபித்தார். அந்த அறையின் கதவைச் சாத்துவதில்லை. மாணவியர் சிலர் வந்து உடன் அமரலாயினர். யாரையும் அழைத்ததில்லை என்றார் ரமாபாய். அழைத்தாலென்ன, கதவைத் திறந்துவைத்தாலென்ன, இரண்டும் ஒன்றே என்றனர் எதிர்ப்பாளர். திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கி எழுதியது. வருவோரைத் தடுக்குமாறு ஆலோசனைக் குழுவினர் கேட்டனர். துளசியை வலம்வரும் பெண்ணைத் தடுக்காத தாம், தம் அறைக்குள் வரும் பெண்ணை எவ்வாறு விரட்டுவது என்பது ரமாபாயின் நிலை. 1893-இல் ஆலோசனைக் குழுவினர் விலகினர். பெற்றோரும் உறவினரும் மாணவியர் பலரை அழைத்துச் சென்றனர்.

இவ்வழக்கில் எப்பக்கமும் எளிதில் சாய்ந்துவிட இயலாது. ரமாபாய் தலைமையாசிரியை மட்டுமல்லர். புகலற்ற அப்பெண்களுக்கு உணவும் உறையுளும் அன்பும் தந்தவர். அத்தகையவரின் திறந்த கதவு, பிறர் வீட்டின் திறந்த கதவைப் போன்றதன்று. நன்றியும் ஒருவகையில் நிர்ப்பந்தம் ஆகலாம். பின்வந்த ஆண்டுகளில் மாணவியர் சிலர் திருமுழுக்குப் பெற்றபோது எதிர்ப்பாளர் தம் ஐயம் மெய்யாயிற்று என்றனர்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. தலைமழிக்கப்பட்டு, ஒருவேளை உணவுடன், எவர் முகத்திலும் விழிக்கலாகாதென ஒதுக்கப்பட்ட ஒரு பெண், தன் வாழ்வில் முதன்முறையாகத் தானே முடிவெடுத்து ஓர் அறைக்குள் கால்வைக்கிறாள். அவளுடைய மனச்சான்று அவளுடையதா, அவளைக் கைவிட்ட குடும்பத்தினுடையதா? ‘கேசரி’ இவ்வினாவைக் கேட்கவில்லை. சதனின் முதல் மாணவியான கோதுபாய் கிறித்தவம் தழுவவில்லை. 1893-இல் தோண்டோ கேசவ கார்வேயை மணந்து ஆனந்திபாய் ஆனார். 1896-இல் கார்வே விதவையருக்கென ஓர் இல்லம் நிறுவினார். ஒரே கதவின் வழியே நுழைந்த பெண்கள் வெவ்வேறு திசைகளில் வெளியேறினர் என்பதும் வரலாறுதான்.

கேள்வி கேட்கப்படாத பதினைந்து நிமிடம்

1845-இல் டஃப் பள்ளிக்கு எதிராக வீடு வீடாகச் சென்ற அதே தேவேந்திரநாத், பின்னாளில் சாந்திநிகேதனில் ஓர் ஆசிரமம் அமைத்தார். 1888-ஆம் ஆண்டின் அறக்கட்டளைப் பத்திரம் அங்கே உருவ வழிபாடு கூடாது என்றும், எந்தச் சமயத்தையும் இழித்துரைக்கலாகாது என்றும் விதித்தது. 1891-இல் வண்ணக் கண்ணாடிகளால் ஆன ‘உபாசனா கிருகம்’ எழுந்தது. 1901-இல் அவர் மகன் ரவீந்திரநாத் அங்கே பள்ளியைத் தொடங்கினார்.

அப்பள்ளியில் காலையிலும் மாலையிலும் பதினைந்து நிமிடம் மாணவர்கள் திறந்தவெளியில் அமைதியாக அமர்வர். அவ்வேளையில் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆசிரியர்கள் கண்காணிப்பதுமில்லை. பின்னர்க் கேட்பதுமில்லை என்று ரவீந்திரர் தம் பள்ளியைப் பற்றிய உரையில் விளக்குகிறார். உடல் அமரவேண்டும் என்பது பள்ளியின் ஒழுங்கு. உள்ளம் எங்கே செல்லவேண்டும் என்பதில் பள்ளி தலையிடாது. 1910 முதல் டிசம்பர் 25 அன்று உபாசனா கிருகத்தில் ‘கிறிஸ்தோத்ஸவம்’ கொண்டாடப்படலாயிற்று. மதமாற்றத்திற்கு அஞ்சி மாற்றுப் பள்ளி கண்டவரின் குடும்பம், இரு தலைமுறைக்குள் தன் பிரார்த்தனைக் கூடத்தில் இயேசுவின் பிறந்தநாளுக்கு விளக்கேற்றியது. எண்ணிக்கையைப் பெருக்கும் நோக்கம் நீங்கியவிடத்தில் அச்சமும் நீங்கிற்று என்றே இதனை நான் வாசிக்கிறேன்.

இதே காலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகள் வேறொரு வழியைக் கைக்கொண்டன. கிறித்தவப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பிற்குச் செல்ல, ஏனையோர் நீதிபோதனை வகுப்பில் அமர்வர். இம்முறை இன்றும் தொடர்கிறது. இதனால் பள்ளியின் சிற்றாலயம் பாட அட்டவணையின் பிடியிலிருந்து விலகி நின்றது. தேர்வுக் காலையில் அதன் கடைசி வரிசையில் சற்றே அமர்ந்துவிட்டுத் தேர்வறைக்கு ஓடும் பிற சமயப் பிள்ளைகளைப் பற்றிய நினைவுகள் நாடெங்கும் உள்ள முன்னாள் மாணவர்களிடம் ஏராளம். எவரும் அவர்களை அங்கே அனுப்பவில்லை. ஆனால் நீதிபோதனை வகுப்பிற்குப் போகும் வரிசை, வகுப்பை நாள்தோறும் சமயத்தால் இரண்டாகப் பிரித்துக் காட்டியது என்பதும் உண்மை. விலகும் உரிமையைத் தரும்போதே விலகுவோரை அடையாளப்படுத்தியும் விடும் சிக்கல் எல்லா மனச்சான்று விதிகளிலும் உள்ளது.

‘ஒப்புதல்’ என்னும் சொல்

20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்தியப் பள்ளிகளுக்கும் மனச்சான்று விதி வேண்டுமென வாதிட்டார். அரசியலுக்கு வருமுன் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக விளங்கியவர் அவர். பள்ளியின் அன்றாடத்தை அறிந்தவர் என்பதால் அவருடைய வாதத்திற்கு எடை இருந்தது. 1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தின்வழி மாகாணக் கல்வித்துறை இந்திய அமைச்சர் கைக்கு வந்தபின், சில மாகாணங்களின் மானிய விதிகளில் இது இடம்பெற்றது. மறைப்பணியாளரிடையே கருத்து இருவேறாகப் பிரிந்தது. தம் பள்ளியின் உயிரையே பறிக்கும் விதி என்றனர் ஒரு சாரார். விரும்பி வருவோர் சிலரே ஆயினும் அவர்களோடு ஜெபிப்பதே மெய்யான ஜெபம் என்றனர் மற்றொரு சாரார்.

அரசியல் நிர்ணய சபை 1948 டிசம்பர் 7 அன்று வரைவின் 22-ஆம் உறுப்பை விவாதித்தது. இன்றைய 28-ஆம் உறுப்பு அதுவே. கல்விக்கூடங்களில் சமயப் போதனையே கூடாது எனச் சில உறுப்பினர் வாதிட்டனர். சபையின் முடிவு மூன்று நிலைகளைக் கொண்டது. முற்றிலும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் சமயப் போதனை கிடையாது. அரசு நிர்வகிப்பினும் சமயப் போதனையைக் கட்டாயமாக்கும் அறக்கட்டளையின்கீழ்த் தோன்றியவற்றிற்கு விலக்கு உண்டு. அரசின் ஏற்போ மானியமோ பெறும் கல்விக்கூடத்தில் போதனையும் வழிபாடும் நடக்கலாம். ஆனால் எவரையும் அவற்றில் கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாகாது. மாணவரின் ஒப்புதல் வேண்டும். மாணவர் உரிய வயது எய்தாதவராயின் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும்.

இதில் இரு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கன. முதலாவது, இங்கிலாந்தின் 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக விரும்புவோர் சொல்லவேண்டும். சொல்லாவிடில் பிள்ளை உள்ளேதான். நம் அரசமைப்பில் சேர விரும்புவோர் சொல்லவேண்டும். சொல்லாவிடில் பிள்ளை வெளியேதான். சிறியதாகத் தோன்றும் இம்மாற்றம் மிகப் பெரியது. பள்ளியின்முன் வாய்திறக்க அஞ்சும் ஏழைப் பெற்றோரின் மௌனம் அங்கே சம்மதமாகிறது, இங்கே ஆகாது. இரண்டாவது, அந்தந்தச் சமூகத்தின் மாணவர்க்குப் பள்ளி வேலைநேரத்திற்கு வெளியே சமயப் போதனை அளிப்பதைத் தடுக்கலாகாது என்றொரு பிரிவு வரைவில் இருந்தது. இறுதி வடிவில் அப்பிரிவு இல்லை. 1854-இல் எழுதப்பட்ட ‘பள்ளி நேரத்திற்கு வெளியே’ என்னும் கருத்து, ஏறத்தாழ நூறாண்டுக்குப்பின் ஒருமுறை தலைகாட்டி மறைந்தது.

நடைமுறையில் இவ்விதி எவ்வாறு நிற்கிறது? சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் இடும் ஒரு கையொப்பம் ஆண்டு முழுவதற்குமான ஒப்புதலாகக் கொள்ளப்படுகிறது. காலைக்கூட்டப் பிரார்த்தனைக்கு யாரும் தனியே ஒப்புதல் கேட்பதில்லை. கிறித்தவப் பள்ளிகளில் மட்டுமன்று. எல்லாச் சமயத்தாரின் பள்ளிகளிலும் இதுவே நிலை.

மௌனமாக நின்ற பிள்ளைகள்

இதுவரை கிறித்தவரல்லாத பிள்ளையின் மனச்சான்றைப் பற்றியே பேசினோம். 1985-இல் கேரளத்தில் வினா தலைகீழாயிற்று. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையைச் சேர்ந்த மூன்று உடன்பிறந்தோர், நாட்டுப்பண் இசைக்கப்படுகையில் எழுந்து மரியாதையுடன் நின்றனர், ஆனால் பாடவில்லை. தம் விசுவாசம் அதற்கு இடந்தரவில்லை என்றனர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு அந்நீக்கத்தைச் செல்லாததாக்கியது. பிஜோ இமானுவேல் வழக்கு என்று இதனை அறிவோம். மௌனமாக எழுந்து நிற்பது அவமதிப்பாகாது. பேச்சுரிமையும் மனச்சான்றின் உரிமையும் அப்பிள்ளைகளுக்கும் உண்டு என்பது தீர்ப்பின் உட்கிடை.

1830-இல் கல்கத்தாவில் ஜெபத்தைச் சூழ்ந்து நின்ற பிள்ளைகளுக்கு எவரும் தராத ஒன்றை, 156 ஆண்டுகளுக்குப்பின் மூன்று கிறித்தவப் பிள்ளைகள் பெற்றுத்தந்தனர்: உடன் நிற்கலாம், உடன் சொல்லவேண்டியதில்லை என்னும் உரிமை. காப்பாளரின் ஒப்புதலை மட்டும் பேசும் 28-ஆம் உறுப்பின் எல்லையைக் கடந்து, பிள்ளையின் சொந்த நம்பிக்கையையே உரிமையின் இருப்பிடமாக இத்தீர்ப்பு காட்டியது. 1992-இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் உறுப்பும் குழந்தையின் சிந்தனை, மனச்சான்று, சமயச் சுதந்திரத்தை ஏற்கிறது. பெற்றோரின் வழிகாட்டுதல் குழந்தையின் வளர்ந்துவரும் திறனுக்கு இயைய அமையவேண்டும் என்கிறது.

இவ்வினா கிறித்தவப் பள்ளிகளோடு முடிந்துவிடவில்லை. கேந்திரிய வித்யாலயங்களின் காலைப் பிரார்த்தனை 28-ஆம் உறுப்பிற்கு முரணா என்னும் வழக்கை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்ற அமர்வு பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பிற்று. அரசின் பள்ளியில் ஒரு பிரார்த்தனை இயல்பானதாகவும், கிறித்தவப் பள்ளியில் ஒரு பிரார்த்தனை அச்சுறுத்தலாகவும் தோன்றுமானால், நம் அளவுகோலை நாமே ஆராய வேண்டும். அதேபோல், சிறுபான்மையினரின் உரிமையைப் பேசும் பள்ளி, தன் வகுப்பறைக்குள் சிறுபான்மையாக உள்ள பிள்ளையை மறந்துவிடவும் கூடாது.

மீண்டும் 2024-க்கு

தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் கிறித்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் பயிலும் மாணவருள் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் பிற சமயத்தினர். டஃப் காலத்தில் வகுப்பு முழுவதும் பிற சமயத்தினர். நோக்கம் அவர்களை மாற்றுவது. இன்று நாலில் மூவர் பிற சமயத்தினர். அவர்களுடைய பெற்றோர் அப்பள்ளியின் ஒழுங்கையும் ஆங்கிலத்தையும் நாடி வரிசையில் நின்று சேர்த்தவர்கள். எஞ்சிய நாலில் ஒருவருக்கு அதே பள்ளிதான் தம் விசுவாசத்தில் வளரும் இடம். 30-ஆம் உறுப்பு சிறுபான்மையினர்க்குக் கல்விக்கூடம் நிறுவி நடத்தும் உரிமையைத் தந்ததன் நோக்கங்களுள் அதுவும் ஒன்று. சிற்றாலயத்தைப் பூட்டிவிடுவதால் அந்த நாலில் ஒருவரின் உரிமை பறிபோகும். பிற மூவருக்கு அதனால் புதிதாக எதுவும் கிட்டாது.

சர்வ தர்ம பிரார்த்தனாலயம் என்னும் கருத்தை இப்பின்னணியில் வைத்து மதிப்பிடவேண்டும். எல்லாச் சமயச் சின்னங்களையும் ஒரு சுவரில் மாட்டிவிடுவதால் மட்டும் ஓர் அறை பொதுவறை ஆகிவிடாது. பார்வையாளர் வரும் நாளில் மட்டும் திறக்கும் காட்சியறையாகவும் அது மாறக்கூடும். வரலாறு நமக்குத் தரும் சோதனைகள் எளியவை. அங்கே வராத பிள்ளையின் பெயரை எவரேனும் குறித்துக்கொள்கிறாரா? வராத பிள்ளைக்கு அவ்வேளையில் அமர மதிப்பான வேறிடம் உண்டா, அல்லது வராந்தாவில் நிற்கவேண்டுமா? தானாக வரும் பிள்ளையை, அது எச்சமயத்ததாயினும், எவரேனும் விசாரிக்கிறாரா? அங்கே அமர்ந்து எழுந்த பிள்ளையிடம் நீ என்ன வேண்டினாய் என்று யாரேனும் கேட்கிறாரா?

நான்கிற்கும் ‘இல்லை, இடம் உண்டு, இல்லை, இல்லை’ என்று விடைசொல்லக்கூடிய பள்ளியில் சிலுவை இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு அச்சமில்லை. சொல்லவியலாத பள்ளியில் எல்லாச் சமயச் சின்னங்களும் இருந்தாலும் அது 1830-இன் வகுப்பறையே. 1854-ஆம் ஆண்டின் அறிக்கை சொன்ன சொந்த விருப்பமும், புனேவில் சாத்தப்படாமலிருந்த கதவும், சாந்திநிகேதனில் கேள்வி கேட்கப்படாத பதினைந்து நிமிடமும், கேரளத்தில் மூவர் காத்த மௌனமும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளில் உருவானவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு பள்ளியின் அன்றாடமாக்கும் பணி சட்டத்திடம் இல்லை. அது தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுவதிலும், காலைக்கூட்டத்தில் உதடு அசையாத பிள்ளையைக் கண்டும் காணாததுபோல் ஆசிரியர் கடந்து செல்வதிலும் அப்பணி தொடங்கலாம்.